உளுந்து டப்பாவில் பிடியரிசி

எங்கள் வீட்டில் சோற்றுக்கு உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போடுவோம். அதற்குப் பிடியரிசி என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை அது காணிக்கையாக சர்ச்சுக்குப் போகும். சும்மா போட்டால் போதாது, ஒரு பிடிக்கு ஒரு பெயர், ஒரு ஜெபம் என்பது என் மனைவியின் சட்டம். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்குக் காலை டியூட்டி போட்ட பிறகு சமையல் என் தலையில் விழுந்தது, டப்பாவும் கூடவே வந்தது.

இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் விழிப்பாக இருப்பதைப் பற்றி அரைமணி நேரம் மூச்சுவிடாமல் பேசக்கூடிய ஆள் நான்.

கோச்சடையில் நாங்கள் இருப்பது மாடியில். கீழ்வீட்டில் ஒரு முஸ்லிம் தம்பதி. அண்ணன் டெய்லர். அக்கா கொக்கி, பட்டன் தைத்துக் கொடுப்பார். அண்ணனுக்கு ஒரு கண் பல வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணிலும் புரை விழுந்து, ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அக்கா என்னை மாடிப்படியில் நிறுத்தினார்.

"தம்பி, இந்தக் கண்ணும் போச்சுன்னா அவுக மெஷின்ல உக்கார முடியாது. நாங்க துவா செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கோம். நீங்க தெனமும் அரிசி எடுத்து வச்சுக் கேப்பீகளாம்ல, எங்களுக்கும் ஒரு வார்த்தை கேளுங்க."

"கேக்காம இருப்பேனாக்கா? நாளையிலருந்து மொத ஜெபம் அண்ணனுக்குத்தான்" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

மறுநாள் காலை போனில் கிரிக்கெட் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கை பாட்டுக்கு அரிசியை அள்ளியது, டப்பாவில் போட்டது. காது எந்த ஊர் மைதானத்திலோ இருந்தது. அந்த வாரம் முழுக்க அப்படித்தான். படியில் அக்காவைப் பார்க்கும்போது மட்டும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிவிட்டுப் போவேன்.

சனிக்கிழமை சாயங்காலம் இட்லி மாவுக்கு ஊறப்போட மனைவி உளுந்து டப்பாவைத் திறந்தாள். மேலே முழுக்க அரிசி கிடந்தது. பக்கத்திலிருந்த பிடியரிசி டப்பா துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது.

"எப்படியும் ரெண்டும் மாவுலதான சேரப்போகுது" என்று சமாளித்தேன்.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்துவிட்டு, "சரி, யாரு பேரச் சொல்லிப் போட்டீங்க?" என்று கேட்டாள்.

நான் யார் பெயரையுமே சொல்லியிருக்கவில்லை. புதன்கிழமை ஆபரேஷன். ஒரு வாரமாக அந்த அக்கா என்னை நம்பிக்கொண்டிருக்கிறார். எனக்கு அவமானமாக இருந்தது. சொல்லாமல் இருந்தால் இன்னும் மோசம் என்று தோன்ற, கீழே இறங்கிப் போனேன்.

அண்ணன் கட்டிலில் படுத்திருந்தார். அக்கா ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நான் ஒரு நாள்கூட கேக்கல. மறந்துட்டேன்."

ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அம்புட்டுத்தான? இப்பக் கேளுங்க" என்றார்.

சர்ச்சில் நீளமாக ஜெபிக்க வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு, "ஆண்டவரே, அண்ணனுக்குக் கண்ணு வேணும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. மனசும் வேறெங்கும் ஓடவில்லை. அக்கா "ஆமீன்" என்றார்.

"தம்பி, புதன் வரைக்கும் விட்டுறாதீக" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

விடவில்லை. போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, எந்த டப்பா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, தினமும் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டேன். புதன்கிழமை அடுப்பருகிலும் கேட்டுக்கொண்டே நின்றதில் சோறு குழைந்தே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டுச் சட்டையை மாட்டும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அக்காவின் குரல் கேட்டது. அவசர அவசரமாக இறங்கி ஓடினேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் அண்ணன்.

"தெரியுதாண்ணே?" என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, பட்டன ஒண்ணு தள்ளிப் போட்டிருக்கீக" என்றார்.