மூன்றாம் சரணம்

பிரசங்கம் இருபது நிமிடத்தைத் தாண்டினால் நிக்கொலஸ் ஓர்கனின் மிகத் தாழ்ந்த கட்டையை ஒரு தடவை அழுத்துவார். கோயில் முழுக்க அது உறுமும். "கை பட்டிட்டுது, ஃபாதர்" என்பார் பூசை முடிந்ததும், முகத்தில் துளி வருத்தமும் இல்லாமல்.

கற்பிட்டிக் கரையில் வள்ளங்களின் இஞ்சின் திருத்துவது அவருக்குத் தொழில். வயது அறுபத்திரண்டு. கையை எத்தனை தரம் கழுவினாலும் ஓர்கனில் மண்ணெண்ணெய் மணக்கும். சுரம் எழுதப் படித்ததில்லை. மெட்டு வந்தால் இஞ்சின் மூடியில் தாளம் தட்டிப் பாடிப் பார்த்து, சொற்களை சீ.ஆர். கொப்பி என்கிற தடித்த நோட்டில் எழுதிக்கொள்வார். நாற்பது வருடத்தில் இருபத்தாறு பாட்டு. பாடகர் குழு பிழைவிட்டால் நடுப்பூசையிலேயே வாசிப்பதை நிறுத்திவிட்டு முறைப்பார். அந்த முறைப்புக்குப் பயந்தே பாதிப்பேர் குழுவை விட்டு நின்றுவிட்டார்கள். லேசான மனிதரல்ல, அதை மறைத்து எழுத நான் வரவில்லை.

அவருடைய காணிக்கைப் பாட்டு இந்தக் கரையில் எல்லோருக்கும் மனப்பாடம். தம்பி ஜோர்ஜ் கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம் செய்தது. உடல் கிடைக்கவில்லை. பாட்டின் மூன்றாம் சரணம் கரை திரும்பாதவர்களைக் கடவுளிடம் ஒப்படைக்கும். திருநாளுக்குத் திருநாள் அந்தச் சரணத்துக்கு ஜோர்ஜின் மனைவி மக்டலின் எழுந்து நிற்பார்.

இந்த வருடம் இரண்டு சரணம் போதும் என்று ஃபாதர் சொல்லிவிட்டார். பூசை ஃபேஸ்புக்கில் நேரடியாகப் போகிறதாம். இழுபட்டால் வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்க்கமாட்டார்களாம். முக்கால் மணி நேரம் பிரசங்கம் வைக்கிறவருக்கு ஒரு நிமிடச் சரணம் நீளமாம்! கேட்டபோது எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

நிக்கொலஸ் கையிலிருந்த ஸ்பானரை மணலில் வீசி எறிந்தார். "வெட்டுறதெண்டா முதலாவத வெட்டட்டும், ரெண்டாவத வெட்டட்டும். நான் ஏனெண்டு கேக்கமாட்டன். சவக்காலையில என்ட தம்பிக்கு ஒரு குழி இருக்கா? அந்த நாலு வரிதான் அவன்ட குழி. அதிலயும் கை வைக்கிறாங்க!"

திருநாளன்று காலை, இரண்டாம் சரணம் முடிந்ததும் பாடகர் குழு வாயை மூடிக்கொண்டது. நிக்கொலஸ் நிறுத்தவில்லை. மூன்றாவதைத் தொடங்கினார். மக்டலின் எழுந்து நின்றார். குழுத் தலைவன் நிரோசன் ஓடிவந்து, "அங்கிள், விடுங்க, லைவ் போகுது" என்று கெஞ்சினான். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. நிரோசன் சுவரிலிருந்த ஓர்கன் சுவிட்சை அணைத்துவிட்டான்.

ஃபாதர் செபத்தைத் தொடங்கினார். நிக்கொலஸ் எழும்பவில்லை. ஓசை செத்துப்போன கட்டைகளை அடித்து அடித்து நான்கு வரியையும் வாசித்தார். டக், டக் என்று அது சனம் உட்கார்ந்திருந்த முன்வாங்குகள் வரை கேட்டது. ஒருவரும் செபத்துக்குப் பதில் சொல்லவில்லை. கடைசியில் ஆமெனுக்குரிய கட்டைகளைப் பத்து விரலாலும் அழுத்தினார். அழுத்திய கையை எடுக்கவேயில்லை.