வெளியே போகும் முகம்

கண்டிக்கு வேலைக்குப் போன என் கணவரை வழியில் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பொலிஸார் கொண்டுபோய்விட்டார்கள். எதிர்வீட்டு முஸ்லிம் அண்ணன்தான் ஓடிவந்து சொன்னார்; நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். வத்தேகமையில் எங்கள் தெரு முனையில், பஸ் நிற்கும் இடத்தில் அவருக்கு ஒரு சில்லறைக் கடை இருந்தது. கண்டக்டர் அவரிடம் சொல்லியிருக்கிறான். எங்கேயோ குண்டு வெடித்த வாரம் அது. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தால் போதும், வேறு குற்றம் தேவையில்லை.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. சின்ன வயதில், புசல்லாவையில், கலவரத்தின்போது தேயிலைச் செடிகளுக்குள் இரண்டு நாள் ஒளிந்து கிடந்தவள். அன்றைக்குப் பிடித்த நடுக்கம் முழுதாக விட்டதேயில்லை. அவரைத் தேடி முதலில் போன பொலிஸ் நிலையத்தில், கையிலிருந்த ஒரே பாஸ்போர்ட் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள். படத்தைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டேன்.

வேறு படம் கிடையாது. கல்யாண ஆல்பத்தில் தலைப்பாகையும் மாலையுமாக நிற்பவரைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. அந்தப் படம் எடுத்த ஸ்டூடியோவை வெசாக் பண்டிகை லீவுக்குப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் தன் வேனில் மற்ற நிலையங்களுக்குக் கூட்டிப்போவதாக நானா சொன்னார். பெயரைச் சொன்னால் இல்லை என்றுதான் சொல்வார்கள், ஒரு படம் இருந்தால் காட்டிக் கேட்க ஏலும் என்றார்.

அன்று பின்னேரம் மகளின் சித்திரக் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

புசல்லாவையில் என் அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் தாளின் கிழிசல்களை எனக்குக் கொண்டுவருவார். தோட்டத்து லய வீட்டு வாசலில் குப்புறப் படுத்து வரைந்துகொண்டேயிருப்பேன். சாப்பிடக் கூப்பிட்டால்கூடக் காதில் விழாது. கலவரத்தில் லயம் எரிந்தபோது அந்தத் தாள்களும் எரிந்தன. அதற்குப் பிறகு நான் பென்சில் பிடித்தது சாமான் பட்டியல் எழுத மட்டும்தான்.

முதலில் அவர் முகம் சரியாக வரவில்லை. காது ஒன்று மேலே, ஒன்று கீழே. அழித்து அழித்துத் தாள் பஞ்சாகிவிட்டது. பிறகு இன்னொரு பக்கத்தில் மூக்கு வந்தது, அவருடைய அதே மூக்கு. அதைப் பிடித்துக்கொண்டு கண், புருவம், தாடை எல்லாம் வரத் தொடங்கின. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷம் வந்தது. வாசலில் குப்புறப் படுத்திருந்தவளுக்கு வந்த அதே சந்தோஷம். கொஞ்ச நேரம் அவர் காணாமல் போனதையே மறந்துவிட்டேன். நினைவு வந்ததும், நானும் ஒரு பெண்ணா என்று என்னையே திட்டிக்கொண்டு மறுபடியும் வரைந்தேன்.

காலையில் நானா கொப்பியை வாங்கி நிறைய நேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கு. ஆனா அவர் பஸ்ஸுக்கு இப்படி வாறல்லயே, தங்கச்சி" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். நெற்றியில் மூன்று கோடு திருநீறு போட்டிருந்தேன். தினமும் காலையில் பூசுவார், வாசல் படலையடியில் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் தெருவில் இறங்குவார். வாயையும் சிரிப்பதுபோல வரைந்திருந்தேன். வீட்டில் அவர் அப்படித்தான். என் மலைநாட்டுப் பேச்சைக் கேலிபண்ணியே பொழுதைப் போக்குவார். தெருவில் அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் சேர்ந்து வெளியே போவதே குறைவு. நானாவிடம் கேட்டேன்.

"பேசினா யாழ்ப்பாணம்னு தெரிஞ்சிடும்னு வாய இறுக்கிக்கொண்டு நிப்பார். யாரயும் பாக்கமாட்டார், கண்ணு கீழதான்."

அவர் சொல்லச் சொல்ல நெற்றியை அழித்தேன். சிரிப்பை அழித்தேன். உதட்டை இறுக்கி, கண்ணைத் தாழ்த்தி வரைந்தேன். பயந்துபோன ஒரு மனிதன் தாளில் வந்தான். என்னைப்போல இல்லை, பயப்படவே தெரியாதவர் என்றுதான் இத்தனை வருஷம் அவரை நினைத்திருந்தேன்.

வழியெல்லாம் வெசாக் விளக்குக் கூடு கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடத்தில் இல்லை என்றார்கள். கொப்பியை நீட்டும்போதெல்லாம், இவளையும் உள்ளே போடு என்று சொல்லிவிடுவார்களோ என்று உயிர் போய் வந்தது. மூன்றாவது நிலையத்தில் வாசலில் நின்ற பொலிஸ்காரன் பார்த்த உடனே தலையாட்டினான். இவர் இங்கேதான் இருக்கிறார் என்றான். நானா உள்ளே போய்ப் பொறுப்புக் கையெழுத்துப் போட்டார். பொழுது சாய்வதற்குள் விட்டார்கள்.

கண்ணைத் தாழ்த்திக்கொண்டே வந்து வேனில் ஏறினார். நான் தொட்டபோதும் நிமிரவில்லை. என் மடியில் கொப்பி திறந்து கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"உது ஆர் கீறினது?"

நான்தான் வரைந்தேன் என்றேன்.

"நான் இப்பிடியோ இருக்கிறன்?"

அவ்வளவு அச்சாக ஒரு படம் அதற்கு முன்பும் நான் வரைந்ததில்லை, பின்பும் வரையவில்லை.

"இல்லீங்க. எனக்கு வரைய வராது" என்றேன்.