ஆரஞ்சு, கறுப்பு, மயில் நீலம்: ஞானம் அண்ணனுக்கு

ஞானம் அண்ணன் போய்விட்டார்.

நேற்று காலை கிள்ளானிலிருந்து அவருடைய பக்கத்து வீட்டு ஆன்டி போன் செய்தார். "தூக்கத்துலயே போயிட்டாரும்மா. அவர் போன்ல உங்க பேருதான் மேல இருந்துச்சு..."

இதைப் படிப்பவர்களில் அவரைத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. எண்பதுகளில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஒரு கடைக்கு மேல்மாடியில் சின்ன விளம்பரக் கம்பெனி. நான் டைப்பிஸ்ட், அவர் டிசைனர்.

ஒருநாள் போர்ட் கிள்ளானிலிருந்து ஒரு லோரி முதலாளி வந்தார். லோரிக்குப் பெயிண்ட், லோகோ, டிரைவர்களுக்குச் சட்டை... எல்லாம் புதுசாக, ஒரே மாதிரி வேண்டுமாம்.

அண்ணன் வரைந்து காட்டியதில் மூன்றே நிறம். ஆரஞ்சு நிறைய, கறுப்பு அதில் பாதி, ஓரத்தில் ஒரு கீற்று மயில் நீலம்.

"என்னப்பா இது, சர்க்கஸ் வண்டியா?" என்றார் முதலாளி.

எங்கள் பாஸுக்கு முகமே செத்துவிட்டது. "வெள்ளையில நீலக் கோடு போட்டுக் குடுத்துரலாம் லா, ஞானம்."

அடுத்த மீட்டிங்குக்கு அண்ணன் ஆரஞ்சு சட்டை, காலுக்குக் கறுப்பு சிலுவார், மயில் நீல டை கட்டிக்கொண்டு வந்தார். நான் சிரிப்பை அடக்க டைப்ரைட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

வெளியே நல்ல மழை. "ஜன்னல்கிட்ட நில்லுங்க சார், நான் கீழ போயிட்டு வரேன்" என்றார்.

குடைகூட எடுக்காமல் இறங்கி, ரோட்டைக் கடந்து, கூட்டத்துக்குள் நடந்தார். பஸ், கார், குடை எல்லாமே சாம்பல் நிறமாகக் கலங்கிக் கிடந்தது. அவர் மட்டும் தெரிந்தார்... தெரு முனை வரைக்கும்.

முதலாளி சிரித்துவிட்டார். "இந்த மழையிலயும் தெரியுறான்யா! சரி, போடு."

அப்புறம் கொஞ்ச வருஷம் துறைமுக ரோட்டில் எங்கே பார்த்தாலும் அந்த லோரிகள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரோடு போர்ட் கிள்ளானுக்கு மீன் வாங்கப் போனேன். ரோட்டோரத் தேத்தண்ணிக் கடையில் அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தார். அதே ஆரஞ்சு சட்டை.

லோரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே போனது. அவர் கை தூக்கினார். அடுத்த லோரிக்கும் தூக்கினார்.

"இங்க என்ன அண்ணே பண்றீங்க?"

"சும்மாதான் கமலா. ஞாயித்துக்கிழமையானா ரூம்ல பேச்சுத் துணைக்கு ஆள் இல்ல. இவனுங்களாச்சும் ஹார்ன் அடிக்கிறானுங்க."

கல்யாணம் அமையவில்லை அவருக்கு. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

பிறகு அந்த லோரிக் கம்பெனி கைமாறியது. வாங்கியவர்கள் எல்லா லோரிக்கும் வெள்ளை அடித்துவிட்டார்கள்.

அந்தத் தீபாவளிக்கு போன் பண்ணியபோது சொன்னார். "தேத்தண்ணிக் கடைக்குப் போறத விட்டுட்டேன் கமலா. டிரைவரெல்லாம் புது ஆளுங்க. யாருக்கும் என்னைத் தெரியல."

நான் என்னவோ பேசி, வீட்டுக்கு வாங்க அண்ணே என்றேன். "வரேன் வரேன்" என்றார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அதையேதான் சொன்னார்.

இன்று மதியம் தகனம். ஆன்டி, ஆன்டியின் மகன், அண்ணனுக்கு வீடு வாடகைக்கு விட்ட சீனர், நான்... அவ்வளவுதான். ஐயர் மந்திரம் சொல்லும்போது என் காதுக்கு ஃபேன் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

எல்லாம் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அங்கே வேலை செய்பவர் வந்து நின்றார்.

"நாளைக்குச் சாம்பல் வாங்க ஆளு வேணும். யாரு சொந்தம் இங்க?"

ஆன்டி என்னைப் பார்த்தார்.

"நான்தாங்க. தங்கச்சி" என்றேன்.

காலையில் வரேன் அண்ணே.