ஏழு முடிப் பொய்த்தேள்

சிங்காரவேலு காலையிலிருந்து ஐந்தாவது முறையாக எண்ணினார். இடுக்கியின் அசையாத விரலில் ஏழு முடி, அசையும் விரலில் மூன்று.

மைக்ராஸ்கோப்பின் கீழ் இருந்தது முத்தாண்டிக்குப்பத்து முந்திரி மரப்பட்டையில் 14.8.2024 அன்று கிடைத்த பொய்த்தேள். நீளம் ஒன்றரை மில்லிமீட்டர். தேளின் இடுக்கி உண்டு, வால் கிடையாது. தலை ஓடு முக்கோணம், கண்கள் முன்விளிம்பிலிருந்து பின்தள்ளி. அது ஒரு சிறு குடும்பத்தின் அடையாளம். அந்தக் குடும்பத்தில் வளர்ந்தவற்றுக்கு எட்டும் நான்கும் இருக்க வேண்டும். இதற்கு ஒவ்வொன்று குறைவு.

"அப்ப புது இனம்தான் சார். முழுசா வளர்ந்ததுதானே?" என்று நேற்று போனில் கேட்டார், கடலூரில் விலங்கியல் நடத்தும் டெய்சி.

"ஆமாங்க மேடம்" என்று சொல்லிவிட்டார். அந்த 'ஆமாங்க'தான் உட்காரவிடவில்லை. புது இனம் என்று டெய்சி எழுதிய கட்டுரை பகல் பன்னிரண்டுக்கு ஆய்விதழுக்குப் போகிறது, கண்டெடுத்தவராக அவர் பெயரோடு. இப்போது 11.20.

மந்தாரக்குப்பத்து அந்தச் சிறிய வீட்டில் சமையலறைக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார்.

"இந்தக் கத்திரிக்காய மேலாக்க பாத்துட்டு வாங்கினு வந்துட்டீங்க. அடியெல்லாம் ஓட்ட!" என்றாள் மனைவி பெரியநாயகி. "பூச்சிய மட்டும் நாளெல்லாம் பாத்துகினு கெடங்க."

சிங்காரவேலு நின்றுவிட்டார்.

சுரங்கத்தில் முப்பத்தொரு வருஷம் கன்வேயர் வேலை. பெல்ட்டின் மேல் உருளைகள் அவர் பொறுப்பு, அடி உருளைகள் வேறு கேங்கினுடையவை. ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. பொய்த்தேள்களையும் முதுகு மேலாகவே கண்ணாடித் தகட்டில் ஒட்டிவந்தார்.

ஊசியால் அதைத் தகட்டிலிருந்து பெயர்த்து மெல்லப் புரட்டினார். ஒரு கால் ஒடிந்தது. வளர்ந்ததென்றால் அடிவயிற்றில், கால்களுக்குப் பின்னால், இனப்பெருக்கத் துளையின் மூடி தெரிய வேண்டும். அங்கே ஒன்றுமில்லை. இன்னொரு முறை தோலுரித்திருந்தால் எட்டும் நான்கும் வந்திருக்கும்.

11.47க்கு போன் போட்டார்.

"மேடம், அனுப்பிட்டீங்களா?"

"இதோ, அனுப்பப் போறேன்."

"வேணாங்க. அது குட்டி. நான் அடிய பாக்கவே இல்ல."

"உங்க பேர போட்டுட்டேனே சார்."

"எடுத்துடுங்க."

பதிவேட்டில் அந்த வரியைச் சிவப்பில் அடித்து, தேதியும் நேரமும் போட்டு, 'வளராதது. இனம் தெரியவில்லை' என்று எழுதினார். பெட்டியில் இன்னும் அறுபத்துமூன்று தகடுகள் இருந்தன, அத்தனையும் முதுகு மேலாக.

"சோறு ஆறிப்போவுது!"

"வரேன், வரேன்" என்றபடியே முதல் தகட்டை எடுத்தார்.