சிவப்பு மை படாத நோட்டுகள்

நாகவல்லிக்குச் சிவப்பு நிறத்தோடு பழைய பகை. சென்னை பாடியில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எட்டு வருஷம் அவளுக்கு ஒரே வேலைதான்: அளவு தப்பிய பாகத்தைப் பொறுக்கிச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தொட்டியில் போடுவது. அந்த வேலையில் இருந்துகொண்டே தபால் வழியில் பட்டம் வாங்கி, பிறகு பி.எட். முடித்து, திருமழிசைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை ஆனாள். வருஷா வருஷம் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நீடிக்கும். அப்படிப்பட்டவள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாமா? இருக்கவில்லை.

ஆறாம் வகுப்பில் அவள் கதை நடத்தும் விதமே தனி. பாதி வாசித்ததும் மிச்சப் பக்கங்களைச் சேர்த்துத் துணி கிளிப் மாட்டிவிடுவாள். அடுத்து என்ன நடக்கும், ஏன் அப்படி நினைக்கிறாய் என்று எல்லோரும் நோட்டில் எழுத வேண்டும். ஏன் என்பதற்கு ஆதாரம் கதைக்குள்ளேயே இருக்க வேண்டும். சும்மா அடித்துவிட்டால் செல்லாது. அப்புறம்தான் கிளிப் கழலும். யூகம் பொய்த்தால் அதை அடிக்கக் கூடாது, எந்த இடத்தில் ஏமாந்தோம் என்று கீழே ஒரு வரி எழுத வேண்டும். புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி விட்ட பிள்ளைகள், ஆதாரம் தேடி முன்பக்கங்களைத் திரும்பத் திரும்ப மேய்ந்தார்கள்.

தலைமையாசிரியர் கிருபாகரனுக்கோ தப்பைக் கண்டால் வட்டம் போடாமல் சோறு இறங்காது. வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி நோட்டு பார்க்க வருகிறார், அதற்குள் ஒவ்வொரு தப்புக்கும் சிவப்பு மை விழ வேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்தை மறந்துவிடுங்கள் என்றார். மறந்தால் மறுபடி பாடி கம்பெனிதான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"இரும்புக்கு ஒட்னேன் சார். புள்ளைங்களுக்கு ஒட்ட மாட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை பூந்தமல்லியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது தன் நோட்டிலும் எழுதினாள்: 'இன்றோடு வேலை போகும். ஏன்: கிருபாகரன் சார் சொன்னதைச் செய்யாமல் விட்டதில்லை.' பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பையில் இருந்த சிவப்புப் பேனாவை அவள் தொடவில்லை.

அதிகாரி வந்து முதல் பெஞ்சில் அஸ்வின் என்ற பையன் பக்கத்தில் உட்கார்ந்தார். கிருபாகரன் டீக்குச் சொல்லப் போயிருந்தார். அன்று வாசித்த கதையில், நல்ல மழையில் குடை வியாபாரி ஒருவர் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடுகிறார். அங்கே கிளிப். பிள்ளைகள் எழுதி முடித்தார்கள். அதிகாரிக்குப் பொறுக்கவில்லை, அஸ்வின் புத்தகத்துக் கிளிப்பில் கை வைத்தார்.

பின்னாலிருந்து சௌம்யா எழுந்தாள். "சார், எழுதிட்டு தான் கயட்டணும்."

அவர் அஸ்வின் நோட்டை இழுத்தார். சரக்கு தீர்ந்திருக்கும், மழையில் குடை விற்றுப்போகும் என்று அவன் எழுதியிருந்தான். அவரும் அதன் கீழே அதையேதான் எழுதினார்.

கிளிப் கழன்றது. வியாபாரி பள்ளிக்கூடத்திலிருந்து மகளை அழைத்துவர ஓடியிருக்கிறார். முதல் பக்கத்துப் படத்தில், கடை வாசலில் ஒரு சின்னச் செருப்பு கிடந்தது.

அந்த நேரம் பார்த்துக் கிருபாகரன் திரும்பி வந்தார். அஸ்வின் நோட்டை எட்டிப் பார்த்தவர், முழுக்கத் தப்பு, ஒரு வட்டம்கூட இல்லை, இந்த அம்மாவிடம் படித்துப் படித்துச் சொல்லியும் கேட்கவில்லை என்று அதிகாரியிடம் முறையிட்டார்.

நாகவல்லி பையைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்து நீட்டினாள்.

"நீங்களே போடுங்க சார். கீழ இருக்கறது ஆபீசர் சார் எழுதுனது. ரெண்டுக்கும் சேத்தே போட்ருங்க."

கிருபாகரன் பேனா வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அதிகாரி சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. நோட்டைத் தன் பக்கம் திருப்பி, தன் யூகத்துக்குக் கீழே எழுதினார்: 'முதல் பக்கத்துச் செருப்பைப் பார்க்கவில்லை.' பிறகு, இந்த வகுப்பு நோட்டுகளில் யாரும் மை போட வேண்டாம் என்று கிருபாகரனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கையெழுத்து கிடைத்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நாகவல்லி தன் நோட்டைப் பிரித்தாள். காலையில் எழுதியதை அடிக்கவில்லை. கீழே ஒரு வரி எழுதினாள்: 'ஏமாந்த இடம்: அதிகாரிக்கும் மிச்சக் கதை வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை.'