வலுவில்லாத வலது கால்

பெருமாள்மலை தாண்டி மூன்றாவது வளைவில், என் வலது காலுக்கு அடியில் பிரேக் பெடல் கல்லாகிப்போன நொடி இன்னும் எனக்குள் அப்படியே இருக்கிறது. மிதிக்கிறேன், இறங்கவில்லை. இருக்கையில் முதுகை முட்டுக்கொடுத்து முழு உடம்பாலும் மிதித்தும் அரை விரல்கடைதான் இறங்கியது. பின் இருக்கையில் விடுதியிலிருந்து ஊர் திரும்பும் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும். கைபிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் சக்கரத்தை உரசவிட்டு ஒருவழியாக நிறுத்தினேன். பக்கத்தில் இருந்த விடுதி மானேஜர் மூச்சு வாங்கி முடித்ததும் சொன்னார்: "ஏலே, காலைல சோறு திங்கலையா? காலுல வலு இல்லாதவனெல்லாம் எதுக்குடா ஸ்டீரிங்கப் புடிக்கிறீங்க?"

அந்த மானேஜர் செத்துப் பல வருஷமாயிற்று. செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். திட்டாமல் விடும் அளவுக்கு அவர் எனக்கு நல்லது எதுவும் செய்துவிட்டுப் போகவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. கொடைக்கானலில் ஒரு விடுதிக்கு நான் கார் ஓட்டினேன். விருந்தாளிகளை ரயிலடியில் விடுவதும் அங்கிருந்து கூட்டிவருவதும் என் வேலை. இறக்கம் தொடங்கியதும் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருளவிட வேண்டும் என்பது மானேஜரின் சட்டம். பெட்ரோல் மிச்சமாம். அந்த யோசனையைச் சொல்லித்தான் முதலாளியிடம் நல்ல பேர் வாங்கியிருந்தார். அன்றைக்கு மலையில் பாதி டிரைவர்கள் அப்படித்தான் இறங்கினார்கள், நானும் பழைய காரில் நூறு தடவை இறங்கியிருக்கிறேன். பிறகு முதலாளி ஒரு பெரிய வெளிநாட்டுக் காரை வாங்கினார். அதில் எஞ்சினை அணைத்து இறங்கிய முதல் நாளே இந்தக் கூத்து.

பஜாரில் பட்டறை வைத்திருந்த பாயிடம் காரை விட்டேன். நாலு சக்கரத்தையும் கழற்றினார். பிரேக் எண்ணெய், குழாய், லைனிங் எல்லாம் பார்த்தார். எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை மிதித்துவிட்டு, "வெண்ணெ மாதிரி எறங்குது தம்பி. வண்டியில ஒரு கொறையும் இல்ல" என்றார். மானேஜருக்கு அது போதாதா? "பாத்தியா, கொற ஒங்கிட்டத்தான் கெடக்கு" என்று சமையல்கட்டு வரைக்கும் கேட்கும்படி கத்தினார். எனக்கே என் கால்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அந்த அவமானத்தை என்னவென்று சொல்வேன்!

மறுநாள் வெள்ளனே ஷெட்டுக்குப் போய், காரை எடுக்காமலே உட்கார்ந்து பெடலை மிதித்தேன். முதல் மிதி இறங்கியது. இரண்டாவது கொஞ்சம் இறுகியது. மூன்றாவது கல். காலை எடுக்காமல் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் உறுமியதுதான் தாமதம், பெடல் தானாகக் கீழே போயிற்று. அப்போதுதான் உறைத்தது. எஞ்சின் உறிஞ்சும் காற்றைக் கொண்டு காலுக்குத் துணை நிற்கும் டப்பா ஒன்று அந்தக் காரில் இருந்தது. எஞ்சின் நின்றுவிட்டால் இரண்டு மிதிக்குத்தான் அதில் தெம்பு. பழைய காரில் அந்த டப்பாவே கிடையாது. அதனால் எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் அதில் பெடல் ஒரே மாதிரிதான் இருக்கும்.

மானேஜரைக் கூப்பிட்டு டிரைவர் இருக்கையில் உட்காரவைத்தேன். "மிதிங்க சார்." மிதித்தார். மூன்றாம் மிதியில் அவர் தொடை நடுங்கியது. சாவியைத் திருப்பினேன், பெடல் இறங்கியது. அவருக்குப் புரிந்துவிட்டது என்று அந்த மூஞ்சியிலேயே பார்த்தேன். "எறக்கத்துல எஞ்சினை அணைக்கச் சொல்லாதீங்க சார், அம்புட்டுத்தான் ரிப்பேரு" என்றேன். அவர் இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "எனக்கே பாடம் எடுக்கிறியா? ஒனக்கு இனி இங்க சோலி இல்ல" என்றார்.

போகட்டும், வேறு வண்டி கிடைக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த மனுஷன் கையில் கொடுத்த சான்றுக் கடிதத்தில், 'வலது காலில் வலுவில்லை, மலைப்பாதைக்கு உதவமாட்டார்' என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபின் எந்த பங்களாக்காரன் சாவியைக் கொடுப்பான்? கடிதத்தைக் காட்டாவிட்டாலும் செய்தி எனக்கு முன்னால் போய் நின்றது. எட்டு மாதம் வில்பட்டியில் முட்டைக்கோஸ் மூட்டை சுமந்தேன், அந்த வலுவில்லாத காலை ஊன்றித்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கடைசியில் ஒரு பஸ் கம்பெனிக்காரர், காகிதம் எதுவும் கேட்காமல், ஓட்டிக்காட்டச் சொல்லி வேலை கொடுத்தார். சேர்ந்த வாரமே செண்பகனூர் டீக்கடையில் அந்த விடுதியின் புது டிரைவரைப் பார்த்தேன். பெரிய கார் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"தங்கமான வண்டிண்ணே," என்றான். "ஒண்ணே ஒண்ணுதான். எறக்கத்துல எஞ்சினை அணைச்சா பெடலு கல்லாயிருமாம். சேந்த அன்னைக்கே மானேஜரு என்னைய உக்கார வச்சுக் காமிச்சாரு. அவராவே கண்டுபுடிச்சாராம். என்னா மூளண்ணே அவருக்கு!"