மாடில்டாவின் சோற்றுச் சட்டி

மாடில்டா அக்கா சந்தேகப்படாத ஆள் எங்கள் ரப்பர் தோட்டத்தில் இல்லை. கடைக்காரரின் தராசைச் சந்தேகப்படுவாள். ரப்பர் பால் நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி மத்தியாஸ் தன்னோடு ஒரே கோயிலில் முழந்தாளிடுகிறவர் என்றும் பாராமல் அவரையும் சந்தேகப்படுவாள். அடுத்த வீட்டுக்காரி நான் மட்டும் தப்ப முடியுமா? அவள் கோழி முட்டையிடாத நாளில் என் குப்பையில் ஓடு தேடுவாள்.

அந்தச் சந்தேகம் கடைசியில் சொந்த மகன் மேலேயே வந்து உட்கார்ந்தது.

வெள்ளைக்காரர் போட்ட அவசர காலம். புக்கிட் பெலிம்பிங் பக்கம் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். அரிசியை ஆளுக்கு இவ்வளவு என்று வாரம் ஒருமுறை அளந்து கொடுத்தார்கள், மிச்சம் பிடித்து வைத்தாலே சந்தேகம். வேலைக்குப் போகும்போது ஒரு கவளம் சோறுகூட வேலி தாண்டக் கூடாது, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று. ரப்பர் ஸ்டோரில் வேலை பார்த்த செல்லையாவை அப்படித்தான் பிடித்துப் போனார்கள். அவன் பெண்சாதி இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவின் மகன் ராஃபேலும் அதே ஸ்டோரில்தான் உறைந்த பாலை ஷீட் அடித்தான். புருஷன் போன பிறகு தாயும் மகனும் சமையலைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அக்கா விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்து மரம் சீவப் போய்விடுவாள். அவனுக்கு வேலை பிந்தித்தான், அதனால் பகல் சோறு அவன் பொறுப்பு. ராத்திரிச் சோறு அவள் பொறுப்பு. வளர்ந்த பையன் அடுப்பூதுகிறான் என்று லயமே அவனைக் கேலி செய்தது. அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் மத்தியானம் சட்டியைத் திறந்த அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. இரண்டு டின் அரிசி போட்டால் சோறு சட்டியின் கழுத்துக்கு வர வேண்டும். வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

"ரெண்டு டின்னும் போட்டியாடா?"

"போட்டேன்மா."

"பின்னே ஏன் கொறையுது?"

"அரிசியைக் கேளு. என்னைக் கேட்டா?"

ராஃபேல் எப்போதும் அப்படித்தான். ஒன்று சொன்னால் ஒன்பது கேள்வி வரும் என்று தெரிந்து அவளிடம் வாயே திறக்க மாட்டான். அவள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். அவன் சாயங்காலம் வேலியோரம் நின்றால் இவள் கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பாள். செல்லையாவின் பேச்சு வந்து அவன் எழுந்து போனால் அன்றைக்கு இவளுக்குத் தூக்கம் கிடையாது. "கொண்டுபோய்க் குடுக்கிறான்டி. தூக்குல போட்டுருவாங்க," என்று என்னிடம் வந்து அழுதாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்தக் காலத்தில் யாரை நம்புவது?

ஒரு மத்தியானம் போலீசும் பட்டாளமும் லயத்துக்குள் இறங்கி வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். அக்காவின் அடுப்பங்கரையில் விறகைக் கலைத்தபோது பின்னாலிருந்து ஒரு தகர டப்பா வந்தது. திறந்தார்கள். பாதிக்கு மேல் அரிசி.

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"என்னோடதுங்கய்யா. நாந்தான் ஒளிச்சு வச்சேன். என் மவனுக்கு அடுப்பங்கரைப் பக்கமே வேலை இல்லீங்க."

சோதனைக்கு வந்த வெள்ளைக்காரத் துரைக்கு மத்தியாஸ் மொழிபெயர்த்தார். துரை திருப்பிக் கேட்டார்.

"யாருக்குன்னு கேக்கறாரு, மாடில்டா."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். என்ன சொல்வாள்? காட்டுக்கு என்று அவள் நம்பியதையா?

ராஃபேலை ஸ்டோரிலிருந்து கூட்டி வந்தார்கள். டப்பாவைப் பார்த்ததும் அவன், "அது பிடியரிசிங்க," என்றான்.

உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசி ஒதுக்குவது அவர்கள் வழக்கம். ரேஷன் வந்ததும் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் பிடியரிசி வாங்குவதை நிறுத்திவிட்டார், அக்காவும் ஒதுக்குவதை விட்டுவிட்டாள்.

"அவரு வாங்கறதத்தானே நிறுத்தினாரு? ஒரு பிடி எடுக்காம உலை வைக்க எனக்குக் கை வரலம்மா. சின்ன வயசுல நீ சொல்லிக் குடுத்ததுதானே? காலம் நல்லானதும் கோயில்ல குடுத்துரலாம்னு சேத்தேன்."

மத்தியாஸ் துரையிடம் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். ஆனால் மகனுக்கு அடுப்பங்கரையில் வேலையே இல்லை என்று தாய் முதலில் சொன்னது துரையின் காதில் ஏறியிருந்தது. ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள் என்று அக்காவை லோரியில் ஏற்றிக் கோலசிலாங்கூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

உபதேசியார் போய்ச் சாட்சி சொன்ன பிறகுதான் விட்டார்கள். மெலிந்து திரும்பிய தாய்க்கு ராஃபேல் சோறு போட்டுக் கொடுத்தான். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து கேட்டான்.

"எனக்காகத்தான் பொய் சொன்னே. தெரியும். ஆனா நான் காட்டுக்குக் குடுத்திருப்பேன்னு நெசமாவே நெனைச்சியாம்மா?"

"நெனைச்சேன்டா," என்று அக்கா அழுதாள். பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்குப் பார்த்து அவளுக்குப் பொய் வரவில்லை.

அவன் சண்டை போடவில்லை. தனி உலையும் வைக்கவில்லை. ஆனால் அதன் பிறகு அவள் பெரட்டுக்குக் கிளம்பும் முன்பே எழுந்துவிடுவான். அவளை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டு நிறுத்திவைத்து, அவள் கண்ணெதிரே அரிசியை அளப்பான். டின்னைத் தலைதட்டிக் காட்டி, ஒரு பிடியும் ஒதுக்காமல் அப்படியே உலையில் கொட்டுவான்.

"பாத்துக்கிட்டியாம்மா?"

"பாத்தேன்யா," என்பாள் அக்கா, சுவரைப் பார்த்தபடி.